மண்ணுக்குள் பார்க்கும் கருவிகள்: ஸ்டோன்ஹெஞ்சிலும் குனுங் பாடாங்கிலும் அவை கண்டது என்ன?

வாட்ஸ்அப் குழுக்களில் இரண்டு விதப் படங்கள் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. ஒன்றில், இங்கிலாந்தின் ஸ்டோன்ஹெஞ்சுக்கு அருகே மண்ணுக்கடியில் வரிசையாகக் கற்கள் படுத்துக் கிடப்பதுபோல் கணினியில் வரைந்திருப்பார்கள். இன்னொன்றில், இந்தோனேசியாவின் குனுங் பாடாங் மலை குறுக்கே வெட்டப்பட்டு, உள்ளே சிவப்பும் நீலமுமாக அறைகளும் அடுக்குகளும் தெரியும். கூடவே, “25,000 ஆண்டுப் பழைய பிரமிடு, ரேடார் கண்டுபிடித்தது” என்று ஒரு வரி. முதல் படத்தில் இருந்த கற்களைத் தேடித் தோண்டியபோது கல் கிடைக்கவில்லை. இரண்டாவது படத்துக்கு ஆதாரமான ஆய்வுக் கட்டுரையை, வெளியிட்ட ஆய்விதழே திரும்பப் பெற்றுக்கொண்டது.

அப்படியானால் கருவிகள் பொய் சொல்லினவா? இல்லை. இரண்டு இடத்திலும் கருவிகள் அளந்தது உண்மையான வேறுபாடுகளைத்தான். அளவீட்டுக்கும் செய்தித் தலைப்புக்கும் நடுவில் இருக்கும் தூரத்தில்தான் குழப்பம் நுழைகிறது.

சிங்கப்பூரில் கட்டுமானத் தளங்களில் வேலை பார்க்கும் தமிழர்கள் பலருக்கு இந்த விஷயம் பாதி ஏற்கெனவே தெரியும். சாலையைத் தோண்டுவதற்கு முன் உரிமம் பெற்ற ஒருவர் வந்து கேபிள் டிடெக்‌ஷன் செய்து, தரையில் ஸ்ப்ரே பெயின்டால் கோடு போட்டுவிட்டுப் போவார். அந்தக் கோட்டை மட்டும் நம்பி எக்ஸ்கவேட்டரை இறக்கக்கூடாது. முதலில் கையால் டிரையல் ஹோல் தோண்ட வேண்டும். கேபிளைக் கண்ணால் பார்த்த பிறகுதான் மற்ற வேலை. தொல்லியலிலும் இதே வரிசைதான். ஆனால் செய்திகள் பெரும்பாலும் ஸ்ப்ரே பெயின்ட் கட்டத்திலேயே வந்துவிடுகின்றன.

முதலில், ‘புனித நிலப்பரப்பு’ என்றால் என்ன?

திருவண்ணாமலைக்குப் போகிறவர் கோயிலுக்குள் சுற்றிவிட்டு மட்டும் திரும்பினால், அந்த ஊரைப் பாதிதான் பார்த்தார் என்போம். மலையே அங்கே வழிபடு பொருள். 14 கி.மீ. கிரிவலப் பாதை, வழியில் இருக்கும் லிங்கங்கள், குளங்கள், மண்டபங்கள் எல்லாம் சேர்ந்தால்தான் அது முழு இடம். கட்டடம், இயற்கை, நடக்கும் பாதை, நாள்கோள் கணக்கு ஆகிய நான்கும் பின்னிக் கிடக்கும் இப்படிப்பட்ட பரப்பைத்தான் தொல்லியலாளர்கள் புனித நிலப்பரப்பு என்கிறார்கள்.

ஸ்டோன்ஹெஞ்சும் அப்படித்தான். வட்டமாக நிற்கும் அந்தக் கற்களை எல்லாருக்கும் தெரியும். முதல் பள்ளமும் மண்மேடும் சுமார் கி.மு. 3000-லும், பெரிய கற்கள் சுமார் கி.மு. 2500-லும் வந்தன. ஆனால் அதைச் சுற்றி கர்சஸ் எனப்படும் ஏறக்குறைய 3 கி.மீ. நீள மண் அரண், ஏவன் ஆற்றிலிருந்து கல்வட்டத்துக்கு வரும் ஊர்வலப் பாதை, நூற்றுக்கணக்கான ஈமமேடுகள், 3 கி.மீ. தள்ளி டரிங்டன் வால்ஸ் என்ற சுமார் 500 மீட்டர் அகல வட்ட அரண் என்று ஒரு பெரிய கூட்டமே இருக்கிறது. கர்சஸ், கல்வட்டத்தைவிடப் பழையது. இவற்றில் பல உழவில் தேய்ந்து மண்ணோடு மண்ணாகிவிட்டன. அவ்வளவு பரப்பையும் தோண்டிப் பார்க்கப் பணமும் இல்லை, ஆயுளும் போதாது. தோண்டுவது என்பதே ஒருவகை அழிவு வேறு. ஒருமுறை கலைத்த மண்ணடுக்கை மறுபடி அடுக்க முடியாது. தோண்டாமல் பார்க்கும் கருவிகளுக்குத் தேவை வந்தது இதனால்தான்.

கருவிகள் எதை அளக்கின்றன?

நான்கு கருவிகளைத் தெரிந்துகொண்டால் பெரும்பாலான செய்திகளைப் புரிந்துகொள்ளலாம். எதுவுமே மண்ணுக்குள் இருக்கும் பொருளைப் ‘படம் எடுப்பதில்லை’ என்பதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

1. காந்தமானி. பூமியின் காந்தப் புலம் இங்கிலாந்தில் சுமார் 49,000 நானோடெஸ்லா. மண்ணுக்கடியில் ஒரு பழைய பள்ளம் இருந்தால், அந்த இடத்தில் இது ஒன்றிரண்டு நானோடெஸ்லா மாறும். ஏன் மாறுகிறது? மேல்மண்ணில் நெருப்பாலும் நுண்ணுயிர்களாலும் இரும்புத் தாதுக்கள் காந்தத்தன்மை கூடியவையாக மாறுகின்றன. பள்ளம் வெட்டினால் காலப்போக்கில் அந்த மேல்மண் சரிந்து உள்ளே நிரம்பிவிடும். ஸ்டோன்ஹெஞ்சின் அடியில் இருப்பது காந்தத்தன்மை மிகக் குறைந்த வெள்ளைச் சுண்ணப்பாறை. வெள்ளை வேட்டியில் மைக்கறை பட்டதுபோல் பள்ளம் பளிச்சென்று தெரியும். அடுப்பு, சூளை போன்ற சுட்ட இடங்கள் இன்னும் பலமாகத் தெரியும். கருவியை ஏந்தி நடப்பவர் பெல்ட் பக்கிள், சாவிக்கொத்து, கைபேசி எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டுத்தான் வர வேண்டும். இல்லாவிட்டால் அவரையே அளந்துகொண்டிருக்கும்.

2. தரை ஊடுருவும் ரேடார். ரேடியோ அலையை மண்ணுக்குள் அனுப்பி, எதிரொலி திரும்ப எவ்வளவு நேரம் ஆனது என்று பார்ப்பது. ஓரளவு காய்ந்த மண்ணில் அலை ஒரு நானோநொடியில் ஏறக்குறைய 10 செ.மீ. போகும். எதிரொலி 20 நானோநொடியில் வந்தால், போய்வந்த தூரம் 2 மீட்டர், ஆழம் 1 மீட்டர். அதே மண் நன்றாக நனைந்திருந்து வேகம் 6 செ.மீ. ஆகக் குறைந்தால், அதே 20 நானோநொடிக்கு ஆழம் 60 செ.மீ.தான். ஆக, படத்தில் போட்டிருக்கும் ஆழமே ஒரு கணிப்பு. ஈரக் களிமண்ணில் அலை சீக்கிரம் செத்துவிடும். உப்புநீரில் கிட்டத்தட்ட வேலையே செய்யாது.

3. மின்தடை அளவீடு. மண்ணில் கம்பிகளை ஊன்றி மின்சாரம் செலுத்தி, எங்கே தடை அதிகம் என்று பார்ப்பது. கல்சுவர் தடுக்கும், ஈரமான பள்ளம் விடும். பிரிட்டனில் தொல்லியலுக்கு இதை முதலில் பயன்படுத்தியது 1946-ல், டார்செஸ்டர்-ஆன்-தேம்ஸ் என்ற இடத்தில் தொல்லியலாளர் ரிச்சர்ட் அட்கின்சன். பிறகு 1950-களில் ஸ்டோன்ஹெஞ்சைத் தோண்டியவர்களில் அவரும் ஒருவர்.

4. லைடார். விமானத்திலிருந்தோ ட்ரோனிலிருந்தோ லேசர் துடிப்புகளை அனுப்பித் தரையின் மேடுபள்ளத்தை அளப்பது. இலைகளின் இடைவெளி வழியாகச் சில துடிப்புகள் தரையைத் தொட்டுத் திரும்புவதால் காட்டுக்கு அடியில் இருக்கும் நிலத்தைக் காட்ட முடிகிறது. 2012-ல் கம்போடியாவின் அங்கோர் பகுதியில் காட்டுக்குள் மறைந்திருந்த வீதிகளும் வாய்க்கால்களும் தெரிந்தது இப்படித்தான். “லைடார் மண்ணுக்குள் பார்க்கிறது” என்று எழுதுவது தவறு. அது மரத்தைத்தான் விலக்கும், மண்ணை விலக்காது.

இவை எதுவும் இல்லாமலும் சில நேரம் வேலை நடந்துவிடும். 2013 கோடையில் ஸ்டோன்ஹெஞ்சில் புல்லுக்குத் தண்ணீர் விடும் குழாய் கல்வட்டம் முழுவதற்கும் எட்டவில்லை. எட்டாத பக்கத்தில் புல் காய்ந்தபோது, காணாமல்போன கற்கள் ஒருகாலத்தில் நின்ற இடங்கள் மட்டும் தனி நிறத்தில் தெரிந்தன. கவனித்தவர் அங்கே வேலை செய்த ஒரு பராமரிப்பாளர். வட்டம் ஒருகாலத்தில் முழுமையாக இருந்ததா என்ற பழைய விவாதத்துக்கு முக்கியமான சான்று ஒரு குட்டைக் குழாயால் கிடைத்தது!

எண்கள் எப்படிப் படமாகின்றன?

கருவி தருவது எண்களின் பட்டியல். அதில் எந்த எண்ணுக்குச் சிவப்பு, எந்த எண்ணுக்கு நீலம் என்பதை ஆய்வாளர்தான் தேர்ந்தெடுக்கிறார். ஓர் அளவுக் கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் நடுவில் இருக்கும் இடத்தைக் கணினி ஊகித்து நிரப்புகிறது. மின்தடை அளவீட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு: ஒரே அளவீட்டுத் தொகுதிக்குப் பல நிலத்தடி அமைப்புகள் பொருந்தும். காப்பிக்கடை ரசீதில் மொத்தம் 12 வெள்ளி என்று மட்டும் தெரிந்தால், என்னென்ன சாப்பிட்டார்கள் என்று எத்தனை விதமாகச் சொல்லலாம்? கணினி அவற்றில் எளிமையான ஒன்றைத் தேர்ந்து காட்டும். பொதுமக்களுக்கு வரும்போது அந்தப் படம் ‘மலைக்குள் இருக்கும் அறை’ ஆகிவிடுகிறது.

12 சதுர கிலோமீட்டர்

2010-ல் தொடங்கிய ஸ்டோன்ஹெஞ்ச் மறைந்த நிலப்பரப்புத் திட்டத்தை பர்மிங்ஹாம் பல்கலைக்கழகமும் வியன்னாவின் லூட்விக் போல்ட்ஸ்மன் ஆய்வுக்கழகமும் நடத்தின. வின்ஸ் காஃப்னியும் வொல்ஃப்காங் நொய்பாவரும் தலைமை. முன்பெல்லாம் ஒருவர் கருவியைத் தூக்கிக்கொண்டு கோடு கோடாக நடப்பார். இவர்கள் பல காந்தமானிகளையும் ரேடார்களையும் வரிசையாகப் பொருத்திய வண்டியை வாகனத்தால் இழுத்துச் சென்றார்கள். செயற்கைக்கோள் இடங்காட்டி ஒவ்வோர் அளவையும் சென்டிமீட்டர் துல்லியத்தில் குறித்துக்கொண்டது. சுமார் 12 சதுர கி.மீ. அளக்கப்பட்டது.

2014 செப்டம்பரில் முடிவுகள் வந்தன. அதுவரை யாரும் அறியாத 17 சடங்குக் கட்டமைப்புகள், 33 மீட்டர் நீள ஈமமேடு ஒன்று, அதற்குள் மரக் கட்டடம் ஒன்றின் தடம். அதற்கு முன்பே கர்சஸுக்குள் இரண்டு பெரிய குழிகள் தெரிந்திருந்தன. கல்வட்டத்துக்கு வெளியே நிற்கும் ஹீல் கல்லிலிருந்து பார்த்தால், ஆண்டின் மிக நீண்ட பகலில் சூரியன் எழும் திசையில் ஒன்றும் மறையும் திசையில் ஒன்றும் அமைந்திருக்கின்றன. தனித்தனியாகத் தெரிந்த சின்னங்களுக்கு நடுவில் மக்கள் எப்படி நடந்தார்கள் என்று கேட்க இப்போது ஒரு வரைபடம் இருக்கிறது. என் பார்வையில் இந்தத் திட்டத்தின் பெரிய பலன் இந்த வரைபடம்தான். ஆனால் செய்தியில் ஓடியது வேறொன்று.

இல்லாத 90 கற்கள்

2015 செப்டம்பரில், டரிங்டன் வால்ஸின் மண்மேட்டுக்கு அடியில் 90 கற்கள் வரை புதைந்திருக்கலாம் என்று அறிவிப்பு வந்தது. சில 4.5 மீட்டர் உயரம் இருக்கலாம் என்றார்கள். ‘சூப்பர்ஹெஞ்ச்’ என்று பெயர் வைத்து உலகமே எழுதியது. ரேடாரில் வலுவான எதிரொலிகள் வளைந்த வரிசையில் வந்திருந்தன. பக்கத்திலேயே கல்வட்டம் கட்டியவர்களின் இடம். கல் என்று நினைத்ததில் பெரிய தவறு இல்லை.

2016 ஆகஸ்டில் இரண்டு இடங்களைத் தோண்டினார்கள். கல் இல்லை. பெரிய குழிகள் இருந்தன. ஒருகாலத்தில் அவற்றில் கனமான மரத்தூண்கள் நின்றிருக்கின்றன. பிறகு தூண்களைப் பிடுங்கிவிட்டு, குழியைச் சுண்ணப்பாறைச் சில்லுகளால் நிரப்பி, அதன்மேல் மண்மேடு போட்டிருக்கிறார்கள். இறுகிய மண்ணுக்கு நடுவே தளர்வான சில்லுகள் இருந்ததால் ரேடார் அலை பலமாகத் திரும்பியிருக்கிறது. வேறுபாடு உண்மை, இடம் உண்மை, வட்டம்கூட உண்மை. ‘கல்’ என்ற சொல் மட்டும் தவறு.

தோண்டியதால் கிடைத்த கதை கல்லைவிட ருசிகரமானது என்று சொல்வேன். இவ்வளவு மரத்தூண்களை நிறுத்தியவர்கள் ஏன் திடீரென்று மனம் மாறி எல்லாவற்றையும் பிடுங்கினார்கள்? ஆட்சி மாறியதா, வழிபாடு மாறியதா? எந்த ரேடார் படத்திலும் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது.

எதிர்த்திசைத் தவறும் நடப்பதுண்டு. அதே டரிங்டன் வால்ஸைச் சுற்றி 2 கி.மீ.க்கும் அதிகமான விட்டத்தில் சில பெரிய வட்டத் தடங்கள் முந்தைய ஆய்வுகளிலேயே தெரிந்திருந்தன. கால்நடைக்குத் தண்ணீர் தேக்கிய குட்டைகள் அல்லது சுண்ணப்பாறை தானாக உள்வாங்கிய பள்ளங்கள் என்று ஒதுக்கிவிட்டார்கள். எல்லாத் தரவையும் ஒரே வரைபடத்தில் வைத்தபோதுதான் அவை ஒரு வளைவில் வருவது கண்ணில் பட்டது. 2020-ல் வெளியான ஆய்வின்படி ஒவ்வொன்றும் 10 மீட்டருக்கும் அதிக அகலம், சுமார் 5 மீட்டர் ஆழம். துளையிட்டு எடுத்த மண் மாதிரிகளில் இருந்த சிப்பி, எலும்புத் துண்டுகளைக் கொண்டு, சுமார் 4,500 ஆண்டுப் பழையவை என்று காலம் கணித்தார்கள். இவை இயற்கைப் பள்ளங்களாகவே இருக்கலாம் என்று அப்போதே வேறு சிலர் மறுத்தார்கள். விவாதம் எதன்மேல் நடந்தது என்று பாருங்கள்: காந்தப் படத்தின்மேல் இல்லை, குழிக்குள்ளிருந்து வந்த மண்ணின்மேல்.

குனுங் பாடாங்: காலம் எங்கிருந்து வந்தது?

மேற்கு ஜாவாவின் சியாஞ்சூர் வட்டாரத்தில், கடல்மட்டத்திலிருந்து 885 மீட்டர் உயரத்தில் இருக்கிறது குனுங் பாடாங். மலை உச்சியில் ஐந்து படித்தளங்கள், பட்டை தீட்டிய தூண்கள் போன்ற ஆயிரக்கணக்கான எரிமலைக் கற்கள். சுண்டானிய மக்களுக்கு இது இன்றும் புனிதத் தலம். மேலே தெரியும் படித்தளங்களை மனிதர்கள்தான் அமைத்தார்கள். இதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அவற்றின் வயதைத் தொல்லியலாளர்கள் பெரும்பாலும் 2,000 ஆண்டுகளை ஒட்டியே வைக்கிறார்கள்.

சர்ச்சை அடியில் இருப்பதைப் பற்றியது. நிலவியலாளர் டேனி ஹில்மன் நடாவிஜாஜாவின் குழு ரேடார், மின்தடை, நில அதிர்வு அளவீடு, துளையிடல் எல்லாம் செய்து, மலைக்குள் பல அடுக்குகள் இருப்பதாகவும், ஆழத்தில் உள்ள அடுக்கு 25,000 ஆண்டுகளுக்கு முன்பே மனிதர்களால் செதுக்கப்பட்டதாகவும் 2023 அக்டோபரில் எழுதியது. 2024 மார்ச்சில் ஆய்விதழ் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. எழுதியவர்கள் அதை ஏற்கவில்லை.

காரணத்தை இரண்டு படியாகப் பார்க்கலாம்.

1. அடுக்கு இருப்பது கட்டியதற்குச் சான்று ஆகாது. எரிமலைக் குழம்பு ஆறும்போது சுருங்கி, ஐந்து ஆறு பட்டை கொண்ட தூண்களாக வெடிக்கும். யாரோ அடுக்கி வைத்தது போலவே இருக்கும். கருவியைப் பொறுத்தவரை இயற்கை அடுக்கும் செயற்கை அடுக்கும் வெறும் வேறுபாடுகள்தாம்.

2. கார்பன் காலக்கணிப்பு, மாதிரியில் உள்ள உயிர்ப்பொருள் எப்போது இறந்தது என்பதைத்தான் சொல்லும். சிங்கப்பூரின் காலாங் பக்கம் துளையிட்டுக் கடல் களிமண்ணை எடுத்தால் சில ஆயிரம் ஆண்டுப் பழைய சிப்பி கிடைக்கும். மேலே நிற்கும் அடுக்குமாடிக் கட்டடத்துக்கு அந்த வயதைக் கொடுப்போமா? குனுங் பாடாங்கில் காலம் கணித்தது துளையிட்டு எடுத்த மண்ணை. அந்த மண்ணோடு மனிதர் செய்த கருவியோ, எலும்போ, அடுப்புக் கரியோ, மனிதன் இருந்ததைக் காட்டும் நம்பகமான எதுவும் இல்லை. திரும்பப் பெற்றதற்கு ஆய்விதழ் சொன்ன காரணத்தின் சாரம் இதுதான்.

ஸ்டோன்ஹெஞ்சில் ‘கல்’ என்ற சொல் தவறியது. ஒரு டிரையல் ஹோல் அதைத் திருத்திவிட்டது. இங்கே ‘கட்டினார்கள்’ என்ற சொல்லே சான்றில்லாமல் நிற்கிறது. இரண்டும் ஒரே அளவுத் தவறு இல்லை. அடுத்த முறை இப்படி ஒரு படம் வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். எந்தக் கருவி? தோண்டிப் பார்த்தார்களா? வயது எந்தப் பொருளிலிருந்து வந்தது? மூன்றாவதற்குப் பதில் இல்லாத செய்தியை நான் மேற்கொண்டு படிப்பதில்லை.

சரி, சிங்கப்பூரில் இதெல்லாம் செய்ய முடியுமா?

தைப்பூசத்தை எடுத்துக்கொள்வோம். சிராங்கூன் சாலை சீனிவாசப் பெருமாள் கோயிலில் தொடங்கி டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில் வரை காவடி போகிறது. நான்காயிரம் ஆண்டு கழித்து ஒருவர் இந்த வழியை ஸ்கேன் செய்தால் இரண்டு கட்டட அடித்தளங்களும் நடுவில் சாலைகளும் தெரியும். பால்குடம், அலகு, உறுமி எதுவும் பதிவாகாது. இரண்டு கோயிலுக்கும் தொடர்பு உண்டு என்பதற்கே வேறு சான்று தேட வேண்டும். ஸ்டோன்ஹெஞ்ச் ஆய்வாளர்களின் நிலை இதுதான்.

அதே டேங்க் ரோட்டுக் கோயிலுக்கு அருகில்தான் ஃபோர்ட் கெனிங் குன்று. மலாய்க்காரர்கள் அதை புக்கிட் லாராங்கான், தடைசெய்யப்பட்ட குன்று என்றார்கள். பழைய அரசர்களின் இடம் என்பதால் மக்கள் ஏறத் தயங்கினார்கள். அது வரலாற்றுக்கு முந்தையது கிடையாது, 14-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஆனாலும் நம்மிடம் இருக்கும் புனித நிலப்பரப்புகளில் நன்றாக ஆராயப்பட்டது அதுதான். 1984-ல் தொல்லியலாளர் ஜான் மிக்சிக் அங்கே முறையான அகழாய்வைத் தொடங்கினார்.

ஸ்டோன்ஹெஞ்சில் ஓட்டிய வண்டியை அங்கே ஓட்டினால் பெரிதாக ஒன்றும் தெரியாது. ஆண்டுக்கு 2,000 மி.மீ.க்கு மேல் மழை பெய்யும் ஊர், ஈரக் களிமண், இரும்புச் சத்து மிகுந்த செம்மண். நகரத்துக்குள் குழாய், கேபிள், கான்கிரீட் கம்பி, எம்ஆர்டி. காந்தமானிக்கு இது சந்தைக்கடை இரைச்சல். போதாக்குறைக்கு, செட்டியார்கள் கீழே கோயில் கட்டிய அதே 1859-ல் பிரிட்டிஷார் மேலே குன்றின் உச்சியைச் சமப்படுத்திக் கோட்டை கட்டத் தொடங்கினார்கள். சமப்படுத்திய மண்ணோடு எவ்வளவு போனதோ.

குன்றின் புகழ்பெற்ற கண்டுபிடிப்புக்கு எந்தக் கருவியும் காரணம் இல்லை. 1928-ல் நீர்த்தேக்கம் கட்டத் தோண்டிய தொழிலாளர்களின் கையில் தங்க நகைகள் சிக்கின. அவற்றில் ஒரு தோள்வளையில், நம் கோயில் வாசல்களில் பார்க்கும் கீர்த்திமுகம் போன்ற முகம் ஜாவானியப் பாணியில் பொறித்திருக்கிறது. தோள்வளை இப்போது தேசிய அரும்பொருளகத்தில் இருக்கிறது. அது கிடந்த இடத்தில் இன்னும் நீர்த்தேக்கம்தான். கான்கிரீட்டும் அதன்மேல் தண்ணீரும் நிற்கும் அந்த இடத்தில் ரேடார் ஓட்டிப் பயனில்லை.